இரண்டு கூண்டு, ஒரு கோலி

வெள்ளியைப் பற்றவைப்பது எப்படி, மெருகு போடுவது எப்படி என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைப் பட்டறையிலேயே சொல்லித் தருவார்கள். சொல்லித் தராவிட்டால் கையைச் சுட்டுக்கொண்டு நீங்களே கற்றுக்கொள்வீர்கள். “புதுசா சேர்ந்திருக்கிற பொண்ணுங்களுக்கும் பசங்களுக்கும் ஏதாவது எழுதிக் குடுங்க லலிதாக்கா” என்று நம் முதலாளி நித்யா போனில் கேட்டபோது எனக்கு ஒரு கோலிதான் ஞாபகத்துக்கு வந்தது. சோடா பாட்டிலுக்குள் இருக்குமே, அந்தக் கோலி. அதை நினைத்தால் ரிடையர் ஆன பிறகும் எனக்குக் கை பரபரக்கிறது. அடுப்பில் சாம்பாரை வைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தீய்ந்தால் தீயட்டும்.

நாம் செய்கிற வேலையை வெளியில் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். ஊரில் எல்லோரும் வெள்ளியில் கல் வைப்பார்கள், முத்து வைப்பார்கள். நாம் பழைய கண்ணாடியை வைக்கிறோம். இடித்த வீட்டு ஜன்னலின் பச்சைக் கண்ணாடி, நீல மருந்து பாட்டிலின் அடிப்பாகம், எந்தக் காலத்திலோ ஓடிய லாரியின் சிவப்பு விளக்கு. ஆவடியில் நான் வழக்கமாகப் போகும் காயலான் கடைக்காரருக்கு என்னைப் பார்த்தாலே சலிப்பு வந்துவிடும். “அல்லாரும் இரும்பு கேட்டு வராங்க, பித்தள கேட்டு வராங்க. நீ ஒருத்திதான் ஒடஞ்சதா பாத்து தேடிக்கினு வர்ற” என்பார். நான் கண்ணாடித் துண்டைப் புடவையில் துடைத்து வெயிலுக்கு நேராகப் பிடிப்பேன். உள்ளே ஒரு காற்றுக் குமிழி தெரிந்துவிட்டால் எனக்கு அன்றைக்குத் தீபாவளி. என் கைப்பைக்குள் கையை விடவே பயமாக இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் புலம்புவார். அவர் புலம்பல் அவரோடு.

கோலிக்கு வருவதற்கு முன்னால் ஒரு மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் முதலில் வேலை பார்த்த பட்டறையில் இருந்தவர், மகா முன்கோபி. கல் பதித்து முடித்த நகையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கண்ணால் பார்க்கவே மாட்டார். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டுவார். சத்தம் வரவில்லை என்றால் தட்டில் வைப்பார். இத்தனூண்டு சத்தம் வந்தாலும் போச்சு, நகை பறந்து வந்து என் மேஜையில் விழும். “ஆடுது. பிரிச்சிட்டு திரும்ப வை” என்பார். அவ்வளவுதான் பேச்சு. கல் ஆடக் கூடாது என்பது என் ரத்தத்தில் ஊறிப்போனது அப்படித்தான். நகையைக் காதில் வைத்து ஆட்டும் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. கல்யாண வீட்டில் யாராவது நெக்லஸைக் காட்டினால்கூட வாங்கி ஆட்டிப் பார்த்து, ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

இனி கோலி.

நான் ரிடையர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, நம் அம்பத்தூர் பட்டறைக்கு இரண்டு பெண்கள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அக்கா குமாரி, மாங்காட்டில் தையல் கடை வைத்திருப்பவர். தங்கை சுமதி, ஐ.டி. கம்பெனியில் வேலை. ஆட்டோவிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது, உள்ளே நுழையும்போது இரண்டு பேர் முகமும் உர்ரென்று இருந்தது. குமாரியின் கையில் ஒரு துண்டுச் சுருட்டல். அதைப் பிரித்தால் உள்ளே பச்சை நிறத்தில் பழைய கோலி சோடா பாட்டில்.

அவர்கள் அப்பா பூந்தமல்லியில் சோடா போட்டு விற்றவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அதற்குப் பெயர் கம்பெனி. அப்பா போய்ச் சேர்ந்து, கொட்டகை போய், மிஷின் போய், கடைசியில் மிஞ்சியது இந்த ஒரு பாட்டில். குமாரி அதில் மணி பிளான்ட் வைத்து டிவி பக்கத்தில் வைத்திருந்தார். இப்போது சுமதி குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிறார், அடுத்த வாரம் விமானம். அப்பா ஞாபகமாக அந்தப் பாட்டில் எனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். குமாரி முடியாது என்றிருக்கிறார். பேச்சு முற்றி, ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு யாரோ பெரிய மனிதர்கள் பஞ்சாயத்து பண்ணி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

“கோலிய எடுத்து ரெண்டா வெட்டு. ஆளுக்குப் பாதி. வெள்ளில வெச்சி டாலரா குடுத்துடு” என்றார் குமாரி.

நித்யா போனிலேயே சரி என்று சொல்லிவிட்டிருந்தாள். கரூரிலிருந்து வந்து, கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு இந்தப் பட்டறையைத் தொடங்கியவள். நல்ல பெண்தான். ஆனால் வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் முடியாது என்ற வார்த்தை அவள் வாயில் வராது.

பாட்டிலை உடைக்காமல் கோலியை எடுக்க வழியே இல்லை. நான் இரண்டு பேரையும் பார்த்து, “ஒடச்சா ஒடச்சதுதான். சரியா யோசிச்சிட்டீங்களா?” என்று கேட்டேன். சுமதி தலையை ஆட்டினார். குமாரி, “ஒட” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

பாட்டிலின் கழுத்தைச் சுற்றி, தண்ணீர் சொட்டும் அறுப்புச் சக்கரத்தில் கோடு போட்டேன். ஈரத் துணியில் சுற்றினேன். ஒரு தட்டு. டக். துணியைப் பிரித்தேன். பாட்டில் இரண்டாகப் போயிருந்தது, கோலி முழுசாக இருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன் பாருங்கள், அடடா. எத்தனை வருஷம் உருண்டதோ, மேலெல்லாம் பொடிப்பொடியாகத் தேய்ந்து பனி மூடிய மாதிரி இருந்தது. உள்ளே மட்டும் ஆழமான பச்சை. நடுவில் ஒரு குமிழி. எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் அப்படி ஒரு கண்ணாடியை நான் தொட்டதில்லை.

“அக்கா, வெட்டலாம்ல?” என்றாள் நித்யா.

“இரு” என்றேன்.

இங்கேதான் கவனமாகக் கேளுங்கள். பழைய கண்ணாடியை அவசரமாக ஆறவிட்டிருந்தால் உள்ளே ஒரு இறுக்கம் தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அறுக்கும் வாளை வைத்ததும் வெடித்துத் தூளாகிவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழியை நான் தற்செயலாகக் கற்றிருந்தேன். ஒரு நாள் நித்யாவின் கூலிங் கிளாஸை விளையாட்டாக மாட்டிக்கொண்டு அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். தலையைச் சாய்த்ததும் திரை கறுத்துப் போனது. கையிலிருந்த கண்ணாடித் துண்டைத் திரைக்கு முன்னால் பிடித்தால், அந்தக் கறுப்பில் துண்டு மட்டும் கலர் கலராக மின்னியது. அப்புறம் எல்லாத் துண்டையும் அப்படிப் பார்க்க ஆரம்பித்தேன். கலர் காட்டாத துண்டு ஒழுங்காக வெட்டுப்பட்டது. கலர் காட்டியது வாளில் தெறித்தது. எல்லாக் கூலிங் கிளாஸிலும் இது தெரியாது, கண் கூசாமல் இருக்க வண்டி ஓட்டுகிறவர்கள் போடுவார்களே, அந்த வகையில்தான் தெரியும். பட்டறை டிராயரில் இப்போதும் ஒன்று கிடக்கும். அதை யாரும் பீச்சுக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

கம்ப்யூட்டரில் வெள்ளைத் திரையைப் போடச் சொல்லி, கூலிங் கிளாஸை மாட்டி, தலையைச் சாய்த்து, கோலியைத் திரைக்கு முன்னால் பிடித்தேன். ஐயோ, என்ன சொல்ல. நீலம், ஊதா, மஞ்சள், ரோஸ், எல்லாம் குமிழியைச் சுற்றிப் புரண்டன. பார்க்கக் கொள்ளை அழகு. வெட்டினால் கோலி காலி என்பதற்கும் அதுதான் அடையாளம். எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது.

குமாரியைக் கூப்பிட்டுக் கூலிங் கிளாஸை மாட்டிவிட்டேன். அவர் வாயைப் பிளந்தார். “இன்னாமா இது. உள்ள மயிலு கீது” என்றார்.

“அந்த மயில வெட்டுனா ரெண்டா வராது. பொடியாதான் வரும். நான் வெட்ட மாட்டேன்” என்றேன்.

நித்யா என்னை முறைத்தாள். தனியாக இழுத்துக்கொண்டு போய், “அக்கா, நான் வாக்கு குடுத்துட்டேன். மெதுவா வெட்டிப் பாக்கலாம்ல? நீங்க எவ்ளோ வெட்டியிருக்கீங்க” என்றாள். சொன்னதில் தப்பில்லை. மெதுவாக வெட்டி, வந்தால் வரட்டும் போனால் போகட்டும் என்று விட்டிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டது அவர்கள்தானே. ஆனால் வாளைப் பிடிக்கிறது என் கை. தெரிந்தே எப்படி வைப்பேன்?

திரும்பி வந்தால் அக்காவும் தங்கையும் ஆரம்பித்துவிட்டிருந்தார்கள்.

“வெட்ட முடியாதுன்னா இன்னா அர்த்தம்? அது என் ஊட்ல இருந்தது. என் ஊட்டுக்கே வரட்டும்” என்றார் குமாரி.

“எடுத்துக்கோ. எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ. எனக்கு அப்பாவே வேணாம்” என்றார் சுமதி. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

குமாரி அழவில்லை. பாட்டில் துண்டுகளை, தெறித்த சில்லு உட்பட ஒன்று விடாமல் பொறுக்கித் துண்டில் கட்டினார். கட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, “முழுசா இருந்ததயும் ஒடச்சிட்டோம். இப்ப இவளும் போறா” என்றார். எனக்குச் சுருக்கென்றது. பாட்டிலும் போய், தங்கையும் இப்படியே விமானம் ஏறிவிட்டால் அந்த அம்மாவுக்கு என்ன மிச்சம்? “கோலிய எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு செஞ்சு குடுக்கறேன். புடிக்கலன்னா அப்ப சண்ட போட்டுக்குங்க” என்றேன். என்ன செய்யப் போகிறேன் என்று அந்த நிமிஷம் எனக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

யோசனை வந்தது திருமழிசை பக்கம் பஸ்ஸில் போகும்போது. முன் சீட்டில் ஒரு அம்மா கிளிக் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூண்டுக்குள் கிளி இல்லை. அதையே பார்த்துக்கொண்டு வந்தவள் சட்டென்று எழுந்துவிட்டேன். கண்டக்டர், “ஸ்டாப்பிங் இன்னும் வரலக்கா” என்றார். வெள்ளிக் கம்பியில் உருண்டையாக ஒரு கூண்டு, பக்கவாட்டில் கதவு, கதவுக்குச் சின்னத் திருகு. அதே மாதிரி இன்னொன்று. ஆளுக்கு ஒரு கூண்டு, நடுவில் ஒரு கோலி. கொஞ்ச நாள் இவள் கழுத்தில், கொஞ்ச நாள் அவள் கழுத்தில். நான் பஸ்ஸிலிருந்தே நித்யாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நான் கத்தியதிலேயே அவளுக்கு உற்சாகம் பற்றிக்கொண்டது.

அந்த வாரம் நான் எப்படி வேலை செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாப்பிட்டேனா என்பதே ஞாபகம் இல்லை. பற்றவைப்பு எல்லாம் முடிந்து, வெள்ளி ஆறிய பிறகுதான் கோலி உள்ளே போனது. நெருப்பையும் கண்ணாடியையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் விடக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். கோலிக்கு மெருகு போடலாமா என்று நித்யா கேட்டாள். தொட்டால் கையை உடைப்பேன் என்றேன். கோலியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன், இரண்டு கூண்டும் கவ்விப் பிடித்தன. காதில் வைத்து ஆட்டினேன். ஒரு சத்தம் இல்லை. அந்த மேஸ்திரி இருந்திருந்தால் தட்டில் வைத்திருப்பார் என்று எனக்கு ஒரே பெருமை.

சுமதி கிளம்புவதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் வந்தார்கள். தனித்தனி ஆட்டோவில். நான் இரண்டு கூண்டையும் வைத்து, கோலியை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் காட்டினேன். சுமதிக்குப் பிடித்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது. குமாரி கோலி இருந்த கூண்டைக் கையில் எடுத்தார். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஆட்டினார்.

நான் மலைத்துப் போனேன். நம் தொழில்காரி மாதிரியே ஆட்டுகிறாரே, இந்த அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

இன்னொரு தடவை ஆட்டினார். முகம் வாடிப்போனது. கூண்டை மேஜையில் வைத்து, “மாட்டிக்கிச்சு” என்றார்.

சுமதி அதை எடுத்துத் தன் காதில் வைத்து ஆட்டினார். அவர் முகமும் அப்படியே விழுந்தது. “ஆமாக்கா. மாட்டிக்கிச்சு.”

“என்ன மாட்டிக்கிச்சு? சிக்குனு உக்காந்திருக்கு. ஆடவே ஆடாது” என்றேன் நான், கொஞ்சம் கோபத்தோடு.

“அதாம்மா சொல்றோம்” என்றார் குமாரி. “சின்ன வயசுல எங்க ரெண்டு பேருக்கும் அதான் வேல. காலி பாட்டில் திரும்பி வரும்ல, ஒவ்வொண்ணா காதுல வெச்சி ஆட்டணும். கோலி களுக்களுக்குனு ஆடுனா நல்ல பாட்டிலு. ஆடலன்னா மாட்டிக்கிச்சுனு அர்த்தம், தனியா எட்து வெச்சிடணும். நைனா கேப்பாரு, இன்னா குமாரி, பேசுதான்னு. நான் பேசுது நைனாம்பேன். இவ பேசலம்பா.”

“நான் எப்பவும் கரெக்டா சொல்வேன்” என்றார் சுமதி.

“நீ கிழிச்ச” என்றார் குமாரி.

அந்த மேஸ்திரி சத்தம் வந்தால் தூக்கிப் போட்டார். இவர்கள் அப்பா சத்தம் வராவிட்டால் தனியாக எடுத்து வைத்தார். நான் இத்தனை வருஷமும் ஒருத்தர் பேச்சையே கேட்டு வாழ்ந்திருக்கிறேன்.

கம்பி வளைக்கிற குறட்டைக் கையில் எடுத்தேன். நித்யா பதறிப்போய், “அக்கா, லூசாக்கப் போறீங்களா? கல் ஆடுதுன்னு பாக்கறவங்கல்லாம் நம்மளத்தான் திட்டுவாங்க” என்றாள். திட்டட்டும் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, கை கேட்கவில்லை. கல் ஆடக் கூடாது, ஆடக் கூடாது என்று பழகிய கை, ஆடட்டும் என்று கம்பியை வளைக்கச் சொன்னால் உள்பக்கமாகவே அழுத்துகிறது. பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கம்பியாக வெளியே தள்ளினேன். அதிகமாகத் தள்ளினால் இடைவெளி வழியாகக் கோலி விழுந்துவிடும். குறைவாகத் தள்ளினால் அசையாது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், வெளியே வரவில்லை. ஆட்டினேன்.

கிளுங்.

பாட்டிலுக்குள் வந்த களுக் இல்லை. வெள்ளியில் பட்டதால் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. குமாரி கையை நீட்டினார். காதில் வைத்து ஆட்டினார். கிளுங், கிளுங்.

“இன்னா குமாரி, பேசுதா?” என்றார் சுமதி, அப்பா குரலில்.

குமாரி பதிலுக்கு இன்னொரு தடவை ஆட்டிக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அழுதார்கள். நித்யாவும் அழுதாள். நான் அழவில்லை, இன்னொரு கூண்டின் கம்பியை வளைக்க வேண்டியிருந்தது, கண் மறைத்தால் வேலை கெட்டுவிடும்.

கோலி முதலில் யாருக்கு என்பதில் மறுபடியும் சண்டை. இந்தத் தடவை தலைகீழ். “நீ எட்துகினு போ” என்கிறார் அக்கா. “வேணாம், உங்கிட்டயே இருக்கட்டும், நான் எங்கியாவது தொலச்சிடுவேன்” என்கிறார் தங்கை. கடைசியில் குமாரி பேச்சை நிறுத்திவிட்டுத் தங்கையின் கூண்டுக் கதவைத் திறந்தார். கோலியைப் போட்டுத் திருகினார். சங்கிலியை அவரே தங்கையின் கழுத்தில் மாட்டிவிட்டார். “ஊரு புச்சு. பயமா இருந்தா ஆட்டிக்கோ” என்றார். காலியாக இருந்ததைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். போகும்போது ஒரே ஆட்டோவில் போனார்கள்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். கல் ஆடாமல் வையுங்கள். மேஸ்திரி சொன்னது சரிதான், நான் அதை மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் நகையை நீங்கள் ஆட்டிப் பார்த்த பிறகு, போட்டுக்கொள்ளப் போகிறவர் கையிலும் கொடுத்து, அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வாயால் சொல்லாததைக் கை செய்துவிடும்.

இன்னொன்று. வெள்ளி கறுத்துப்போனால் மாங்காட்டிலிருந்து ஒரு அம்மா பட்டறைக்கு வருவார். கழுத்தில் காலிக் கூண்டு இருக்கும். மெருகு போட்டுக் கொடுத்து அனுப்புங்கள், கம்பியைத் தொடாதீர்கள். எனக்கு அடுத்து வேலைக்குச் சேர்ந்த பெண், விவரம் தெரியாமல், “உள்ள இருந்த கல்லு விழுந்துடுச்சாக்கா? வேற ஒண்ணு வெச்சுத் தரட்டா?” என்று கேட்டுவிட்டாளாம்.

“வுழலம்மா” என்றாராம் குமாரி. “என் தங்கச்சி ஊட்டுக்குப் போயிருக்கு.”